முந்திரிக்கொத்து டப்பாவும் நைரோபிப் பூங்காவின் விதிகளும்

காலை ஐந்தே முக்காலுக்கு வேன் வந்துவிட்டது. நைரோபியில் அந்த நேரம் நல்ல இருட்டு. மே மாதக் கடைசி. குற்றாலத்தில் சீசன் தொடங்கும் முன் மேற்கேயிருந்து ஒரு ஈரக்காற்று இறங்குமே, அதே காற்றுதான் அங்கும் அடித்தது. நான் ஸ்வெட்டர் கொண்டுபோகவில்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர், புழுங்கும் என்று நினைத்திருந்தேன்.

"போட்டுக்கிடுங்க சம்பந்தி" என்று தன் ஸ்வெட்டர் ஒன்றை நீட்டினார் செல்லத்துரை அண்ணாச்சி. என் மகளின் மாமனார். குளிரவில்லை என்று சொல்லிவிட்டேன். அன்று மத்தியானம் வரை எனக்கு நடுக்கம்தான்.

வேனில் நாங்கள் நான்கு பேர். ஓட்டுநர் ஜோசப், அண்ணாச்சி, என் மகள் கோமதி, நான். மாப்பிள்ளைக்கு அன்று அலுவலகம். "எங்க அப்பா கூடப் போறதுன்னா பயமே இல்ல மாமா. அவங்க இந்தப் பார்க்குக்கு மூணு தடவ போயிட்டு வந்துட்டாங்க" என்று முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் அவர் என்னிடம் சொல்லியிருந்தார். எனக்குப் பயம் போகவில்லை. வேறொன்று கூடுதலாக வந்து சேர்ந்தது.

நான் நைரோபிக்குப் போனது மிருகம் பார்க்க அல்ல. மகளை அழைத்துவரப் போனேன். கோமதிக்கு ஆறாம் மாதம் தொடங்கியிருந்தது. எங்கள் பக்கம் தலைப்பிரசவம் பெண்ணின் அம்மா வீட்டில்தான். ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்துவருவது முறை. வெளிநாடு என்பதால், விமானத்தில் ஏற்ற யோசிக்கும் காலம் வருவதற்குள் முன்கூட்டியே அழைத்துவந்து, வளைகாப்பைத் தென்காசியில் வைத்துக்கொள்வது என்று என் மனைவி முடிவு செய்திருந்தாள். அவளுக்குப் பாஸ்போர்ட் இன்னும் வரவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் கோடை விடுமுறை. கணக்கு வாத்தியார்களுக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் நல்ல காரியம் அது ஒன்றுதான். ஆகவே நான் போனேன். திரும்புவதற்கு இரண்டு பேருக்கு டிக்கெட் போட்டாயிற்று. வரும் ஞாயிற்றுக்கிழமை. பயணம் செய்யலாம் என்று டாக்டர் கடிதமும் தந்துவிட்டார்.

ஆனால் நான் போய் ஐந்து நாளாகியும் கோமு பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே எடுக்கவில்லை. கேட்டால், "எடுக்கேன்பா" என்பாள். அண்ணாச்சி மட்டும் ஒருநாள் காப்பி குடிக்கும்போது, "இங்கனயே நல்ல ஆஸ்பத்திரி இருக்கு சம்பந்தி" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். 

அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் சிவகிரி. போலீஸில் சப் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் மனைவி இறந்துபோனார். தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் நைரோபிக்கு அழைத்துக்கொண்டு நான்கு மாதமாகிறது. நான்கு மாதத்தில் அந்த ஊர் அவருக்குச் சிவகிரி மாதிரி ஆகிவிட்டிருந்தது. காவலாளி, காய்கறிக்காரி, லிஃப்டில் வரும் குழந்தை எல்லோரும் அவருக்கு வணக்கம் சொன்னார்கள், சிலர் தமிழிலேயே.

நான் வந்து இறங்கிய அன்றே அவரிடம் தோற்றுவிட்டேன். தென்காசியிலிருந்து செங்கோட்டை, புனலூர் வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையம் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அங்கிருந்து வளைகுடாவில் விமானம் மாறி நைரோபி. நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால் இருக்கிறது அந்த ஊர். விமானம் இறங்கும்போது, கென்யாவுக்குள் பிளாஸ்டிக் பை கொண்டுபோகக் கூடாது என்று அறிவிப்பு செய்தார்கள். என் மனைவி ஒவ்வொன்றையும் இரண்டு கவரில் போட்டு முடிந்து அனுப்பியிருந்தாள். நான் பெட்டி எடுக்கும் இடத்திலேயே உட்கார்ந்து கவர்களைப் பிரித்து, முறுக்கையும் வத்தலையும் வேட்டியில் கொட்டி மூட்டை கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். எதிரே அண்ணாச்சி, கையில் மடிப்புக் கலையாத இரண்டு மஞ்சப்பையுடன் நின்றிருந்தார்.

"கோமு அப்பவே சொன்னா. அப்பாட்ட ரெண்டு தடவ சொல்லியாச்சு, இருந்தாலும் மறந்துருவாங்க, நீங்க பை கொண்டு போங்கன்னு" என்றார்.

மறந்தது உண்மை. ஆனால் அதை அவள் அவரிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

நைரோபி தேசியப் பூங்கா நகரத்தை ஒட்டியே இருக்கிறது. நகரின் மையத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். தூரத்துக் காடுகளுக்குப் போவதென்றால் மேடுபள்ளத்தில் மணிக்கணக்காகப் போக வேண்டும், அது கோமுவுக்கு ஆகாது. இது அரைநாளில் போய்வந்துவிடலாம், மெதுவாகப் போனால் சரி என்று டாக்டரும் சொல்லியிருந்தார். வண்டி புறப்பட்டதும் அண்ணாச்சி ஒரு தலையணையை எடுத்துக் கோமுவின் இடுப்புக்குப் பின்னால் வைத்தார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள இருக்கையில்தான் குலுக்கல் குறைவு என்று அவளை அங்கே உட்காரச் சொன்னதும் அவர்தான். நானும் தலையணையைப் பற்றி நினைத்தேன். லிஃப்டில் இறங்கிய பிறகு நினைத்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் கோமு திரும்பிப் பார்க்காமலே, "மாமா, தண்ணி" என்றாள். அவள் சொல்லி முடிக்கும் முன்பே பாட்டில் அவள் கையில் இருந்தது. மூடி ஏற்கெனவே திறந்திருந்தது.

படிக்கிற காலத்தில் மேஜையை விட்டு எழுந்திருக்காமல் அவள் இதே குரலில் "அப்பா, தண்ணி" என்பாள். இருபது வருஷம் அந்தக் குரலுக்கு நான்தான் எழுந்து போனேன்.

வாசலில் நுழைவுச்சீட்டு வாங்க ரொக்கம் எடுப்பதில்லை. இணையத்தில் முன்பே கட்டிவிட்டு, பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம், அங்கே வசிப்பவர்களுக்குக் குறைவான கட்டணம். மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் போகிறவர்கள் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. பைகளைத் திறந்து பார்த்தார்கள். தண்ணீர்கூட ஒருமுறை குடித்துவிட்டு எறியும் பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுபோக முடியாது. என் பையில் இருந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்து பார்த்த பெண் அதிகாரி, இது என்ன என்று கேட்டார். முந்திரிக்கொத்து என்றேன். பாசிப்பயறும் வெல்லமும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கி எண்ணெயில் பொரித்தது என்று நான் ஆங்கிலத்தில் விளக்க முயன்றதில் எனக்கே அது என்ன என்பதில் சந்தேகம் வந்துவிட்டது. சிரித்துவிட்டு, வண்டிக்குள்ளேயே வைத்துச் சாப்பிடுங்கள் என்று சொல்லி மூடித் தந்தார்.

அதை நான் ஊரிலிருந்து புறப்பட்ட அன்று என் மனைவி விடியற்காலையில் எழுந்து செய்தாள். கோமுவுக்கு மசக்கை ஆரம்பித்த நாளிலிருந்து போனில் அவள் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். வந்த அன்றே கொடுத்திருக்க வேண்டும். ஆனால் முதல் மூன்று நாளும் அவளுக்கு நெஞ்செரிச்சல், இனிப்பே வேண்டாம் என்றுவிட்டாள். நான் டப்பாவைப் பத்திரமாக வைத்திருந்தேன். பசியாறி, நல்ல மனநிலையில் இருக்கும்போது அம்மா கைப் பண்டத்தை அவள் வாயில் வைத்தால் பெட்டி தானாகவே கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரும் என்பது என் கணக்கு.

வண்டி உள்ளே நுழைந்ததும் ஜோசப் திரும்பி விதிகளைச் சொன்னார். அனுமதித்த இடம் தவிர வேறு எங்கும் இறங்கக் கூடாது. கை, தலை வெளியே நீட்டக் கூடாது. சத்தம் போடக் கூடாது. பாதையை விட்டு வண்டி இறங்காது, கேட்கவும் கூடாது. எந்த மிருகத்துக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது. மிருகம் பாதையைக் கடந்தால் வண்டிதான் நிற்கும். எல்லாம் நான் தென்காசியிலேயே படித்துவைத்தவை. ஆனால் ஜோசப் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அண்ணாச்சி அதைத் தமிழில் எனக்குச் சொன்னார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியும் அண்ணாச்சி" என்றேன்.

"தெரியும்லா. நான் கோமுவுக்குச் சொல்லுதேன்" என்றார்.

கோமு அந்த ஊரில் இங்கிலீஷில்தான் வேலை பார்க்கிறாள்.

விடிந்தபோது பார்த்த காட்சியை என்னால் மறக்க முடியாது. மஞ்சள் புல்வெளி, அதில் நான்கைந்து ஒட்டகச்சிவிங்கிகள், அவற்றின் முதுகுக்குப் பின்னால் நகரத்தின் கண்ணாடிக் கட்டடங்கள். உயரமான தூண்களின் மேல் ஒரு ரயில் பாதை பூங்காவைக் கடந்து போகிறது. அதன் கீழே வரிக்குதிரைகள் தலையைக்கூட நிமிர்த்தாமல் மேய்கின்றன. ஒரு வரிக்குதிரைக் குட்டி தாயை உரசியபடி பாதையைக் கடந்தது. ஜோசப் இஞ்சினை நிறுத்திவிட்டார். பின்னால் வந்த மூன்று வண்டியும் நின்றன. ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை. அந்தக் குட்டி நடுப்பாதையில் நின்று வாலைச் சொறிந்துகொள்ளப் பார்த்து, முடியாமல், மறுபடி முயன்று, பிறகு போனது. அத்தனை நேரமும் நான்கு வண்டியில் இருந்தவர்களும் காத்திருந்தார்கள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் காதடைத்துப்போகும். மெயினருவிப் பக்கம் மரத்தில் இருக்கிற குரங்குக்குச் சிப்ஸ் பாக்கெட்டைக் கவரோடு எறிவோம். அது கிழித்துத் தின்பதைப் படம் எடுப்போம். நமக்கும் ஒரு மலை இருக்கிறது, காடு இருக்கிறது. ஒரு குட்டி பாதையைக் கடக்கும்வரை பொறுக்கும் நான்கு வண்டி நம்மிடம் இல்லை.

இதைச் சொன்னேன். "குற்றாலத்துல நான் எத்தன சீசன் பந்தோபஸ்து பாத்திருக்கேன் தெரியுமா சம்பந்தி" என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி. "அருவி ஆர்ச்சுக்கு மேல தண்ணி வருது, விசில் ஊதுதேன். ஒருத்தன் நவுரல. தலையில எண்ணெய இப்பத்தான் வச்சேன், சீயக்காய் போட்டுட்டு வாறேங்கான். ஏலே, தண்ணி ஒன்னய கொண்டு போயிரும்லேன்னா, நீங்க கொஞ்சம் புடிச்சுக்கிடுங்க சார்ங்கான்."

கோமு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆரம்பித்தது என் பேச்சு. சிரிப்பு அவருக்கு.

எட்டு மணிக்கு மேல் ஒரு வளைவில் ஐந்தாறு வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. ஜோசப் உதட்டில் விரலை வைத்தார். புதருக்குப் பக்கத்தில் ஒரு பெண் சிங்கம் படுத்திருந்தது. முன்னால் நின்ற வண்டி பார்த்து முடித்து நகர்ந்ததும் அடுத்த வண்டி அந்த இடத்துக்குப் போனது. யாரும் முந்தவில்லை. எங்கள் முறை வந்தபோது சிங்கம் எழுந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. மனைவிக்கு அனுப்ப வேண்டும் என்று செல்போனை எடுத்தேன். கண்ணாடி வழியே மங்கலாகத் தெரிந்தது. ஜன்னலைச் சற்றே இறக்கி...

சட்டையைப் பிடித்து யாரோ பின்னுக்கு இழுத்தார்கள். "கைய உள்ள எடுங்க சம்பந்தி" என்றது அண்ணாச்சியின் குரல், காதுக்குப் பக்கத்தில், மிகவும் மெதுவாக.

முழங்கை வரை வெளியே போயிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை.

"அப்பாவுக்கு பாபநாசம் பஸ்ஸுல போறதா நெனப்பு" என்றாள் கோமு. ஜோசப்புக்கும் அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். அவரும் சிரித்தார். பெண் சிங்கம் மட்டும்தான் சிரிக்கவில்லை.

செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். காண்டாமிருகம் பார்த்தோம், காட்டெருமைக் கூட்டம் பார்த்தோம். எல்லாவற்றையும் அண்ணாச்சி காட்ட, கோமு பார்த்தாள். நான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்தரை மணிக்கு, இறங்க அனுமதியுள்ள இடம் ஒன்றுக்கு வந்தோம். மரநிழல், சிமெண்டு மேஜைகள், கழிப்பறை. அங்கும் ஒரு பலகை. உணவை வெளியே வைக்காதீர்கள், குரங்குகளுக்குக் கொடுக்காதீர்கள், வண்டிக் கதவுகளை மூடிவையுங்கள். இன்னொரு வண்டிக்காரர் கூப்பிட, ஜோசப் சற்றுத் தள்ளிப் போனார். போகும்போது, சாப்பிடுவதென்றால் உள்ளே உட்கார்ந்து கதவை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கோமுவுக்கு இடுப்பு வலித்தது. வேனின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, காலைத் தரையில் தொங்கவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். அண்ணாச்சி கை கழுவப் போனார். நான் எதிர்பார்த்த நேரம் அதுதான். அவள் மட்டும், நான் மட்டும். டப்பாவைத் திறந்து அவள் மடியில் வைத்தேன்.

"அம்மா செஞ்சதாப்பா?" என்றாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். "எய்யா" என்றாள்.

அவ்வளவு நாளில் அவள் முகத்தில் நான் தேடிக்கொண்டிருந்தது அந்த நிமிஷம்தான் வந்தது. "ஊருக்கு வா தாயி. அம்மா தெனமும் செஞ்சு தருவா" என்றேன். அவள் மென்றுகொண்டே தலையை அசைத்தாள். ஆமாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

தூரத்திலிருந்து அண்ணாச்சி, "சம்பந்தி, டப்பாவ மூடுங்க, கதவச் சாத்துங்க" என்றார். மரத்தடியில் சில பபூன்கள் உட்கார்ந்திருந்தன. நாய் போன்ற நீண்ட முகம் உள்ள பெரிய குரங்கு வகை. அவற்றில் ஒன்று எழுந்து எங்களை நோக்கி நடந்து வந்தது.

"நான் குற்றாலத்துக்காரன் அண்ணாச்சி. கொரங்கு எனக்குத் தெரியாதா?" என்றேன். சத்தமாகவே சொன்னேன், கோமுவுக்கும் கேட்கட்டும் என்று.

குற்றாலத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இந்த வித்தை தெரியும். குரங்கு வந்தால் கையில் இருப்பதில் ஒன்றைத் தூரமாக ஒரு பக்கம் எறிவோம். அது அதன் பின்னால் ஓடும். நாம் மிச்சத்தோடு இன்னொரு பக்கம் போய்விடுவோம். சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை செய்திருப்பேன். டப்பாவிலிருந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து வலப்பக்கம் புல்லில் எறிந்தேன்.

அந்தப் பபூன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மரத்தடியில் இருந்த மற்றவை அதற்காக ஓடின. இது மட்டும், அந்த உருண்டை எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தைப் பார்த்தது. அடுத்த கணம் வேனின் படியில், என் மகளின் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது. ஒரு கையால் கதவையும் ஒரு கையால் அவள் துப்பட்டாவையும் பிடித்திருந்தது.

குற்றாலத்துக் குரங்கைப் போல இரண்டு மடங்கு இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதைவிடப் பெரிது. நான் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுழற்றி, "சூ, சூ, போ" என்று கத்தினேன். ஊரில் அதுவும் பலிக்கும். அது என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தது. அந்தப் பற்களை இப்போதும் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோமு டப்பாவை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

அண்ணாச்சி ஓடி வரவில்லை. பத்தடி தள்ளி நின்றுவிட்டார். "சம்பந்தி, துண்டக் கீழ போடுங்க. கத்தாதிய" என்றார். பிறகு கோமுவிடம், "தாயி, டப்பாவத் தூர எறிஞ்சிரு. அது கண்ணப் பாக்காத" என்றார். அவர் குரல் காப்பி கேட்பது போல இருந்தது.

கோமு எறியவில்லை. அவர் பக்கம் திரும்பவும் இல்லை. என்னைப் பார்த்து, "அப்பா" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் கேள்வி இருந்தது. அம்மா செய்ததை எறிந்துவிடட்டுமா என்று கேட்கிறாளா, என்ன செய்ய என்று கேட்கிறாளா, எனக்குத் தெரியாது. துண்டு என் கையிலிருந்து தானாக விழுந்தது. "எறிஞ்சிரு மக்கா. மாமா சொல்லுதத கேளு. எறிஞ்சிரு" என்றேன்.

எறிந்தாள். டப்பா கல்லில் பட்டு உருண்டது. பபூன் அதன் பின்னால் பாய்ந்தது. துப்பட்டாவில் பாதி அதனோடு போனது. அண்ணாச்சி இரண்டே எட்டில் வந்து கோமுவை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார். நானும் அவரும் வெளியே நின்றோம். ஜோசப் ஓடிவந்து முன்கதவைத் திறந்து எங்களை உள்ளே ஏற்றினார்.

வண்டியில் ஏறியதும் ஜோசப் கேட்ட முதல் கேள்வி, கீறல் ஏதும் உண்டா என்பது. பல்லோ நகமோ பட்டிருந்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, தாமதிக்காமல் ஊசி போட வேண்டும். மறைக்கக் கூடாது. கை, கால், கழுத்து எல்லாம் பார்த்தோம். ஒன்றும் இல்லை. ஆனால் வாசலை அடைவதற்குள் கோமு, "வயிறு இறுக்கமா இருக்குப்பா" என்றாள்.

மருத்துவமனையில் மாலை வரை வைத்திருந்தார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது. நெஞ்சுத் துடிப்பை எனக்கும் கேட்கவைத்தார்கள். வயிறு இறுகுவதும் மாலைக்குள் நின்றுவிட்டது. ஆனால் டாக்டர், விமானப் பயணம் வேண்டாம் என்றார். சில வாரம் முழு ஓய்வு. அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு விமானத்தில் போகும் காலம் தாண்டிவிடும், பிரசவம் இங்கேயே ஆகட்டும் என்றார். தான் கொடுத்த கடிதத்தைத் திருப்பி வாங்கி மேஜை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.

நானும் அண்ணாச்சியும் வெளியே நீள நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை உள்ளே இருந்தார்.  அண்ணாச்சி ஏதாவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. போலீஸ்காரர், நன்றாகத் திட்டத் தெரிந்திருக்கும்.

"நாலு மாசமா நான்தான் தண்ணி எடுத்துக் குடுக்கேன் சம்பந்தி" என்றார். "மாமா, மாமான்னு தான் வருதா. எனக்குப் பொட்டப்புள்ள கெடையாது. இவதான்னு நெனச்சிட்டேன். இன்னைக்குக் கொரங்கு வந்து நின்னதும், நான் இங்கன கெடந்து சொல்லிட்டு இருக்கேன், அவ ஒங்க மொகத்தப் பாக்கா. நீங்க சொல்லுத வரைக்கும் டப்பாவ எறியல." பிறகு கழுத்தை நீவிக்கொண்டு, "எனக்கு எப்படி இருந்திருக்கும்" என்றார்.

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை.

நான் உடனே வருத்தப்பட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், அந்த நாளில் முதல்முறையாக எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அது அதிக நேரம் நீடிக்கவில்லை. என் மனைவி போனில் வந்தாள். போனை அண்ணாச்சி வாங்கிப் பேசினார். "ஒண்ணுமில்ல தங்கச்சி. கொரங்கு வந்து டப்பாவப் பறிச்சிட்டுப் போயிட்டு. புள்ள பயந்துட்டா, அவ்வளவுதான். இல்ல, இல்ல, யாரு மேலயும் தப்பில்ல" என்றார். துண்டைச் சுழற்றியது, உருண்டையை எறிந்தது, எதையும் சொல்லவில்லை. போன் என் கைக்கு வந்ததும் என் மனைவி கேட்ட ஒரே கேள்வி, "கோமு ஒண்ணாவது தின்னாளா?" என்பதுதான். ஒன்று தின்றாள் என்று நான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் திரும்பினேன். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை அன்று காலை நானே பார்த்தேன். இழுத்தபோது கனத்தது. உள்ளே பாதிக்கு மேல் துணி அடுக்கியிருந்தது, குழந்தைக்கு வாங்கிய இரண்டு சின்ன ஸ்வெட்டர் உட்பட. எப்போது அடுக்கினாள் என்று கேட்கவில்லை. படுத்திருந்த அவள், "குனியக் கூடாதுன்னு அன்னைக்கு மாமா ஏசினாங்க. நெதமும் கொஞ்சமா எடுத்து வச்சேன். ஒங்க கிட்ட கடைசி நாளு சொல்லலாம்னு இருந்தேன்பா" என்றாள்.

விமான நிலையத்தில் அண்ணாச்சி என் பெட்டியைத் தூக்கிவந்தார். அவருடைய ஸ்வெட்டரை அன்று போட்டுக்கொண்டேன்.

இதை எழுதும்போது தென்காசியில் சாரல் அடிக்கிறது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. எங்கள் மாடித் தகரத்தின் மேல் குரங்கு குதித்தால் இப்போதும் நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிடுகிறேன். போன ஞாயிறு குற்றாலம் போனேன். மெயினருவி போகிற வழியில் ஒரு குடும்பம், குழந்தையின் கையில் பஜ்ஜியைக் கொடுத்துக் குரங்கிடம் நீட்டச் சொல்லிக்கொண்டிருந்தது. "கைய உள்ள எடுங்க. கீழ போடச் சொல்லுங்க. கத்தாதிய, அது கண்ணப் பாக்காதிய" என்றேன், மிகவும் மெதுவாக. பஜ்ஜி கீழே விழுந்தது, குரங்கு எடுத்துக்கொண்டு போனது. அந்தத் தகப்பன், "நீங்க போலீஸா சார்?" என்று கேட்டார்.

என் மனைவிக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அம்மா வீட்டுக்குப் பிள்ளை வர முடியவில்லை என்றால் அம்மா போவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். கண்ணாடி வளையல்களைத் துணியில் சுற்றிவைத்திருக்கிறாள். பிரசவம் முடிந்து மூன்று மாதம் இருந்துவிட்டு வருவாளாம். எனக்கு லீவு கிடையாது. நேற்று அவள் முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி வீடியோவில் வந்தார். பக்கத்தில் தலையணையில் சாய்ந்தபடி கோமு.

"வாங்க தங்கச்சி. புள்ள பொறந்து எல்லாம் நல்லபடியா ஆனதும் உங்களப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறேன். ஜன்னல் பக்கம் நீங்க ஒக்காருங்க" என்றார்.

"சிங்கம் வருமா அண்ணே?" என்று கேட்டாள் என் மனைவி, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி.

நான் அடுப்பைக் குறைத்துவிட்டு, "மஞ்சப்பை எடுத்து வச்சியா?" என்று கேட்டேன். மூன்று பேரில் ஒருவருக்கும் அது கேட்கவில்லை.